பெட்டிக்குள் எத்தனை ஆம்பியர்?

கிணற்று மோட்டாரின் சுவிட்சைப் போட்டதும் வீட்டு விளக்கு ஒரு கணம் மங்கி, மறுபடி பிரகாசிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குண்டு பல்பு எரிந்த வீடுகளில் இது நன்றாகவே தெரியும். யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்த நொடியே விளக்கு சரியாகிவிடுகிறது அல்லவா? ஆனால் விளக்கு இருக்கும் இடத்தில், ஓர் இயந்திரத்துக்கு ஆணையிடும் கருவி இருந்தால் என்ன ஆகும்? விளக்குக்கு மங்கல், அந்தக் கருவிக்கோ அது மயக்கம். மயக்கம் தெளிந்து எழும்போது, தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அதற்கு நினைவிருக்காது.

இப்படி மயங்கி விழுந்த ஒரு கருவியைப் பற்றிச் சொல்கிறேன். என்னிடம் இயற்பியல் படித்த மாணவர் ஒருவர், கோவையில் பம்பு வார்ப்புகளுக்குத் துளையிடும் பட்டறை ஒன்றில் பராமரிப்பு வேலை பார்க்கிறார். ஒரு சனிக்கிழமை மாலை, கையில் ஒரு தாளுடன் ஆய்வகத்துக்கு வந்தார். அவர்கள் பட்டறையில் இரண்டு பக்கங்கள் கொண்ட துளையிடும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. வார்ப்பை உள்ளே வைத்தால், அழுத்தக் காற்றால் இயங்கும் பிடிகள் அதை இறுக்கிப் பிடிக்கும். மேலிருந்து டிரில் இறங்கித் துளையிடும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுக்கொன்று காத்திராமல் தனித்தனியே வேலை செய்யும். நாளில் இரண்டு மூன்று தடவை, காரணமே இல்லாமல், எல்லாம் ஒரு கணம் அணைந்து மறுபடி எரிகிறது. அந்தக் கணத்தில் பிடிகள் விட்டுவிடுகின்றன. டிரிலோ சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டு முறை வார்ப்பு டிரிலோடு சேர்ந்து சுழன்று, கம்பிவலைத் தடுப்பில் மோதியிருக்கிறது. வலை இருந்ததால் ஆளுக்கு அடியில்லை.

"பவர் சப்ளை அஞ்சு ஆம்பியர்ங்க சார். பெட்டியில இருக்கிற எல்லாத்தையும் கூட்டிப் பார்த்துட்டேன், 4.64தான் வருது. மீட்டர் வச்சுப் பார்த்தா 24 வோல்ட் அப்படியே நிக்குது. அப்புறம் ஏனுங்க சார் விழுது?" என்றார்.

கூட்டலில் பிழை இல்லை. மீட்டரும் பொய் சொல்லவில்லை. பிறகு பிழை எங்கே இருந்தது? அதைக் காண்பதற்கு முன், அந்தப் பெட்டியைச் சற்றுத் திறந்து பார்ப்போம்.

இன்றைய தொழிற்சாலை இயந்திரம் ஒவ்வொன்றின் அருகிலும் தகரப் பெட்டி ஒன்று நிற்கும். தொழிலாளர்கள் அதைக் 'கண்ட்ரோல் பேனல்' என்பார்கள். அதனுள் மூளையாக இருப்பது பி.எல்.சி. என்னும் சிறு கணிப்பொறி. எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும், எந்த மோட்டார் எப்போது நிற்க வேண்டும் என்று அதற்குள் எழுதி வைத்திருப்பார்கள். முன்பெல்லாம் இந்த வேலையைச் சுவர் நிறைய ரிலேக்கள் செய்தன. காரின் மாதிரி மாறினால் அத்தனை ஒயர்களையும் பிடுங்கி மறுபடி கட்ட வேண்டும். இதற்கு மாற்று வேண்டும் என்று 1968-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் கேட்டது. ரிச்சர்ட் மார்லியும் அவருடைய கூட்டாளிகளும் 'மோடிகான் 084' என்ற கருவியைச் செய்து கொடுத்தார்கள். அவர்களுடைய 84-ஆவது திட்டம் அது என்பதால் அந்த எண்!

மூளைக்குக் கண்களாக இருப்பவை அண்மை உணரிகள். உலோகம் அருகில் வந்தால் 'வந்துவிட்டது' என்று சொல்பவை. கைகளாக இருப்பவை ரிலேக்களும் வரிச்சுருள் வால்வுகளும். வால்வுக்குள் கம்பிச்சுருள் ஒன்று இருக்கிறது. அதில் மின்னோட்டம் பாய்ந்தால் அது காந்தமாகி, உள்ளிருக்கும் இரும்புத் துண்டை இழுக்கும். காற்றுக்கு வழி திறக்கும். மின்னோட்டம் நின்றால் வில்சுருள் அந்தத் துண்டைத் திரும்பத் தள்ளிவிடும். இவை அனைத்துக்கும் பொதுவான உணவு 24 வோல்ட் நேர்திசை மின்சாரம். 230 வோல்ட்டை வாங்கி, இந்த 24 வோல்ட்டாக மாற்றிக் கொடுப்பதுதான் 'பவர் சப்ளை'. நாம் மின்வழங்கி என்றே சொல்வோம்.

மின்வழங்கியின் மேல் '24 வோல்ட், 5 ஆம்பியர்' என்று எழுதியிருக்கிறது. இதன் பொருள் என்ன? வகுப்பில் இந்தக் கேள்விக்குப் பாதிப்பேர் தவறாகவே பதில் சொல்வார்கள். 'அது 5 ஆம்பியரை அனுப்பிக்கொண்டே இருக்கும்' என்பார்கள். அப்படி இல்லை. மின்வழங்கி வைத்திருப்பது 24 வோல்ட் அழுத்தத்தை மட்டுமே. எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதைத் தீர்மானிப்பவை அதோடு இணைந்திருக்கும் கருவிகள். 5 ஆம்பியர் வரை கேட்டால், 24 வோல்ட்டை விடாமல் கொடுப்பேன் என்பதே மின்வழங்கி தரும் வாக்குறுதி. அதற்கு மேல் கேட்டால்? தன்னைக் காத்துக்கொள்ள அது மின்னோட்டத்தை ஏறத்தாழ ஐந்தரை ஆம்பியரில் கட்டிப்போடும். மின்னோட்டத்தைக் கட்டிப்போட்டால் மின்னழுத்தம் விழுந்துதான் ஆக வேண்டும். ஓமின் விதிக்குத் தப்பிக்கும் வழி கிடையாது.

எவ்வளவு விழலாம்? இந்த வகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கான பன்னாட்டுத் தரநிலை, 24 வோல்ட்டுக்குக் கீழே 15 சதவீதம், மேலே 20 சதவீதம் என்று எல்லை வகுத்திருக்கிறது. அதாவது 20.4 வோல்ட் முதல் 28.8 வோல்ட் வரை. கீழ் எல்லையைத் தாண்டி விழுந்து, சில மில்லிநொடிகளுக்கு மேல் அங்கேயே நின்றால், பி.எல்.சி. எல்லா வெளியீடுகளையும் அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். எல்லா வெளியீடுகளும் என்றால், வார்ப்பைப் பிடித்திருக்கும் வால்வுகளும்தான்.

மாணவரின் தாள்

மாணவர் கொண்டுவந்த கணக்கு நேர்த்தியானது. பி.எல்.சி.யும் அதன் துணை அட்டைகளும் 0.6 ஆம்பியர். தொடுதிரை 0.5. அண்மை உணரிகள் 16, ஒவ்வொன்றும் 15 மில்லிஆம்பியர், ஆக 0.24. அந்த உணரிகளின் செய்தியை வாங்கும் பி.எல்.சி. உள்ளீடுகள் ஒவ்வொன்றும் 7 மில்லிஆம்பியர் எடுக்கும். பலர் விட்டுவிடும் இதையும் அவர் சேர்த்து 0.11 என்று எழுதியிருந்தார். ரிலேக்கள் 12, ஒவ்வொன்றும் 37 மில்லிஆம்பியர் வீதம் 0.44. பொத்தான்களில் எரியும் எல்.இ.டி.க்கள் ஆறுக்கு 0.12. இயந்திரத்தின் தலையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று இழை விளக்குகள். ஒவ்வொன்றும் 5 வாட். 5-ஐ 24-ஆல் வகுத்தால் 0.21, மூன்றுக்கும் 0.63. கடைசியாக வால்வுகள் 10, ஒவ்வொன்றும் 4.8 வாட், அதாவது 0.2 ஆம்பியர், ஆக 2.0. மொத்தம் 4.64.

வால்வுகள் முதலில் ஆறுதான் இருந்தன. பிறகு, குளிர்நீர் விடுவதற்கும் சீவலை ஊதித் தள்ளுவதற்கும் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சேர்த்திருக்கிறார்கள். 'இன்னும் இடம் இருக்கிறதே' என்ற எண்ணத்தில்தான் சேர்த்திருப்பார்கள். பழைய கணக்கு 3.84, புதியது 4.64, பலகையில் எழுதியிருப்பது 5.

நான் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, இதில் எந்த எண் 'எரிந்துகொண்டிருக்கும்போது', எந்த எண் 'எரியத் தொடங்கும்போது'?"

அவர் தாளைப் பார்த்தார். பதினோராம் வகுப்பு மாணவனுக்கும் தெரிந்த ஒன்று அவருக்கு அப்போது நினைவுக்கு வந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. டங்ஸ்டன் இழை சூடாக இருக்கும்போது அதன் மின்தடை ஒன்று. குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். 5 வாட் விளக்கு எரியும்போது எடுப்பது 0.21 ஆம்பியர். சுவிட்சைப் போட்ட கணத்தில் எடுப்பது 2.1 ஆம்பியர்! இழை சூடேறும் வரை, சில பத்து மில்லிநொடிகளுக்கு, ஒரே ஒரு சின்ன விளக்கு பத்து வால்வுகளுக்குச் சமம்.

தொடக்கத்தில் அதிகம் கேட்பவை

இப்படித் தொடக்கத்தில் மட்டும் பெரும்பசி எடுக்கும் கருவிகள் வேறு சிலவும் உண்டு. நேர்திசை மோட்டார் அவற்றில் ஒன்று. ஓடும்போது அதற்குள் எதிர் மின்னியக்கு விசை உண்டாகி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. நிற்கும் மோட்டாரில் அந்த எதிர்ப்பு கிடையாது; சுருளின் மின்தடை மட்டுமே தடை. கிணற்று மோட்டாரும் நின்ற நிலையிலிருந்து எழும்போது பல மடங்கு மின்னோட்டம் இழுக்கிறது. அதனால்தான் உங்கள் வீட்டு விளக்கு மங்கியது. தொடுதிரை போன்ற மின்னணுக் கருவிகளின் வாயிலில் மின்தேக்கிகள் இருக்கும். வெறுமையான மின்தேக்கி முதல் கணத்தில் ஏறத்தாழ நேரடி இணைப்பைப் போலவே நடந்துகொள்ளும்.

வால்வின் சுருள் எப்படி? இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. பலர், ஏன் சில பொறியாளர்கள்கூட, 'சுருள் என்றால் தொடக்க மின்னோட்டம் பல மடங்கு' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். மாறுதிசை மின்சாரத்தில் இயங்கும் சுருளுக்கு அது உண்மை. இரும்புத்துண்டு வெளியே இருக்கும்போது காந்தப் பாதையில் காற்றிடைவெளி பெரிது, மின்தூண்டல் குறைவு, ஆகவே மாறுதிசை மின்னோட்டத்துக்கு எதிர்ப்பும் குறைவு. துண்டு உள்ளே வந்து பொருந்தியதும் மின்தூண்டல் ஏறி, மின்னோட்டம் இறங்கிவிடும். துண்டு பாதி வழியில் சிக்கிக்கொண்டால் அந்தப் பெரிய மின்னோட்டம் நிற்காமல் ஓடிச் சுருள் கருகிப் போவதும் இதனால்தான். நேர்திசை மின்சாரத்தில் கதை தலைகீழ். மின்தூண்டல் மின்னோட்டத்தை உடனே ஏறவிடுவதில்லை. அது மெதுவாக ஏறி, மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்த அளவில் நிற்கும். அதற்கு மேல் போகாது. நம் வால்வுகள் நேர்திசை வகை. அவற்றின் மேல் குற்றம் இல்லை. (அணைக்கும்போது அவை தொல்லை தரும். சுருளில் சேர்ந்த காந்த ஆற்றல் பெரிய மின்னழுத்தமாக எகிறும். அதைத் தடுக்க ஒவ்வொரு சுருளுக்கும் குறுக்கே ஒரு டையோடு வைத்திருப்பார்கள்.)

திங்கட்கிழமை கல்லூரியின் ஆசிலாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனோம். சாதாரண மீட்டர் ஒரு நொடியில் இரண்டு மூன்று தடவைதான் எண்ணைப் புதுப்பிக்கும். இருபது மில்லிநொடி மயக்கம் அதன் கண்ணில் படவே படாது. ஆசிலாஸ்கோப்பை, 21 வோல்ட்டுக்குக் கீழே போனால் படம் பிடித்து வை என்று அமைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். பகல் இரண்டு மணிக்குப் படம் விழுந்தது. 24-இல் நேர்க்கோடாகப் போய்க்கொண்டிருந்த வரை திடீரென்று 17-க்கு அருகில் சரிந்து, இருபது மில்லிநொடிக்குப் பிறகு மெல்ல ஏறியிருந்தது. அதே கணத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

மஞ்சள் விளக்கு, ஐம்பது துளைகளுக்கு ஒருமுறை டிரிலின் முனையைப் பார்க்கச் சொல்லி எரிவது. பெரும்பாலும் அது எரியும்போது ஒரு பக்கம் வார்ப்பு மாற்றிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கத்து வால்வுகள் அணைந்திருக்கும். எப்போதாவது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் துளையிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த ஐம்பதாவது எண் வந்துவிடும். அப்போது பத்து வால்வுகளும் திறந்திருக்கின்றன. மூன்று விளக்குகளில் ஒன்றுதான் எரியும் என்பதால் நிலையான மின்னோட்டம் 4.22. அதில் விளக்கின் 0.21-ஐக் கழித்துவிட்டு, குளிர்ந்த இழையின் 2.1-ஐச் சேருங்கள்: 6.1 ஆம்பியர். மின்வழங்கி கட்டிப்போடும் எல்லையோ ஐந்தரை. பழைய ஆறு வால்வுகளோடு இதே கணக்கைப் போட்டால் 5.3 வருகிறது, அதனால் அந்தக் காலத்தில் தொல்லை இல்லை.

"அப்படின்னா நாலு வால்வு சேர்த்த அன்னிக்கே விழுந்திருக்கணும்ங்களே சார்? ஒரு வருஷம் நல்லாத்தான ஓடுச்சு?" என்று மாணவர் விடாமல் கேட்டார். நல்ல கேள்வி. இதற்கு மின்வழங்கியின் வெளியீட்டில் இருக்கும் மின்தேக்கிதான் பதில். பற்றாக்குறை 0.6 ஆம்பியர், அது 20 மில்லிநொடி நீடித்தால் 12 மில்லிகூலூம் மின்னூட்டம். அதை மின்தேக்கி தன் சேமிப்பிலிருந்து கொடுக்கிறது. 4000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 12 மில்லிகூலூமை இழந்தால் அதன் மின்னழுத்தம் 3 வோல்ட் குறையும், 24 என்பது 21 ஆகும், தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் இவை மின்பகு திரவம் கொண்ட மின்தேக்கிகள். ஆண்டுக்கணக்கில் வெப்பத்தில் இருந்தால் திரவம் மெல்ல வற்றி, கொள்ளளவு குறையும். கொள்ளளவு பாதியானால் வீழ்ச்சி இரட்டிப்பாகும்: 6 வோல்ட். 24 என்பது 18 ஆகிவிடும். இந்த மின்தேக்கிகளின் ஆயுள் பற்றி மின்னணுத் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு: வெப்பநிலை 10 பாகை ஏறினால் ஆயுள் பாதி.

வெப்பம் என்றதும் பெட்டி எங்கே நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். தகரக் கூரைக்கு அடியில், மதியம் 40 பாகை செல்சியஸ் இருக்கும் இடத்தில். மூடிய பெட்டிக்குள் வெப்பமானியை வைத்தோம், 56 காட்டியது. மின்வழங்கியோடு வந்த தாளில், 50 பாகை வரைதான் முழு 5 ஆம்பியர், அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் இரண்டரை சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று சிறிய எழுத்தில் இருந்தது. ஆறு பாகைக்கு 15 சதவீதம். ஆக, பலகையில் 5 என்று எழுதியிருந்தாலும், அந்தப் பெட்டிக்குள் மதிய வேளையில் அது உண்மையில் 4.25 ஆம்பியர் மின்வழங்கி!

எத்தனை ஆம்பியர் வாங்குவது?

இப்போது கணக்கைத் திருப்பிப் போட்டோம். சோதனைப் பொத்தானை அழுத்தினால் மூன்று விளக்குகளும் எரியும். ஆகவே மிக மோசமான நிலைக்கு 4.64-ஐயே வைத்துக்கொண்டோம். நாளை யாராவது இன்னும் இரண்டு வால்வு சேர்ப்பார்கள், அது நிச்சயம். அதற்காகக் கால் பங்கு கூட்டினால் 5.8. வெப்பத்துக்காக 0.85-ஆல் வகுத்தால் 6.8. கடையில் 5-க்கு அடுத்துச் சாதாரணமாகக் கிடைப்பது 10 ஆம்பியர். மூன்று குளிர்ந்த விளக்குகளும் ஒரே கணத்தில் எரிந்தால் 10.3 வருகிறது, ஆனால் இன்றைய மின்வழங்கிகள் பலவும் சில நொடிகளுக்கு ஒன்றரை மடங்கு வரை தாங்குமாறு செய்யப்படுகின்றன. அப்படிப்பட்டதாகப் பார்த்து வாங்கினால் போதும்.

விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றிவிடலாமே என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும். முதலில் செய்தது அதைத்தான். எல்.இ.டி.க்குச் சூடேற வேண்டிய இழை கிடையாது. மூன்று விளக்குகளின் 0.63 போய் 0.06 வந்தது, மொத்தம் 4.07. "அப்ப பழசே போதுமேங்க சார்?" என்றார் மாணவர். 4.25-க்குள் 4.07 அடங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் கிழமாகிவிட்டன. ஒரு வால்வு கூடுதலாகச் சேர்ந்தால் 4.27. எனக்கு மனம் ஒப்பவில்லை. விளக்கையும் மாற்றி, மின்வழங்கியையும் மாற்றச் சொன்னேன்.

இங்கே 'பெரியதாக வாங்கிவிட்டால் கவலை இல்லை. இருபதே வாங்கிவிடுவோம்' என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதற்கு, கம்பிகளின் மின்தடையை எண்ணிப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் 'கம்பியின் மின்தடையைப் புறக்கணிக்கவும்' என்று எழுதி எழுதிப் பழகிவிட்டோம். தொழிற்சாலையில் புறக்கணித்தால் அது நம்மைப் புறக்கணிக்காது.

ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு 0.0172 ஓம். அரைச் சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு இரு மடங்கு, 0.0344. பத்து வால்வுகள் பெட்டியிலிருந்து 40 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெரிய ஆலைகளில் இது சாதாரணம். போக 40, வர 40. மின்னோட்டம் திரும்பி வர வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். 80 மீட்டருக்கு 2.75 ஓம். ஒரு வால்வின் மின்தடை 120 ஓம். பத்தும் பக்க இணைப்பில் 12 ஓம். மொத்தம் 14.75. 24-ஐ இதால் வகுத்தால் 1.63 ஆம்பியர், வால்வுகளுக்குக் கிடைப்பது 19.5 வோல்ட். பெட்டியில் மீட்டர் வைத்தால் 24 நிற்கும். வால்வில் வைத்தால்தான் உண்மை தெரியும்.

சுருளின் இழுவிசை மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது, 19.5 வோல்ட்டில் அது மூன்றில் இரண்டு பங்காகிவிடுகிறது. இத்தோடு நிற்கவில்லை. வேலை செய்யச் செய்யச் சுருள் சூடாகும். செம்பின் மின்தடை பாகைக்கு 0.39 சதவீதம் ஏறும். 60 பாகை சூடேறிய சுருளில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இழுவிசை பாதிக்கும் கீழே வந்துவிடும். காலையில் 'டக்' என்று திறந்த வால்வு, மதியம் முனகிக்கொண்டு நிற்பதன் காரணம் இது. எவ்வளவு பெரிய மின்வழங்கியை வைத்தாலும் இந்த நோய் தீராது. தீர்வு, தடித்த கம்பி. இரண்டரைச் சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் 2.75 ஓம் 0.55 ஆகி, வால்வுக்கு 22.9 வோல்ட் போய்ச் சேரும்.

அதே மெல்லிய கம்பியின் கடைக்கோடியில் இரண்டு முனைகளும் ஒட்டிக்கொண்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். 24-ஐ 2.75-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். 5 ஆம்பியர் மின்வழங்கி ஐந்தரையில் கட்டிப்போட்டு, அழுத்தத்தைக் கீழே விட்டுவிடும், எல்லாம் அணையும், கோளாறு இருப்பது உடனே தெரியும். 20 ஆம்பியர் மின்வழங்கிக்கோ இது கோளாறாகவே தெரியாது. யாரோ ஓர் 8.7 ஆம்பியர் கருவியை இணைத்திருக்கிறார்கள் என்று எண்ணி, மகிழ்ச்சியோடு கொடுத்துக்கொண்டே இருக்கும். சில ஆம்பியருக்கென்று போட்ட கம்பியில் 200 வாட்டுக்கு மேல் வெப்பம்! குழாய்க்குள் பத்துக் கம்பிகளோடு கட்டாக இருந்தால், மேலுறை இளகி அடுத்த கம்பியோடு ஒட்டும். 10 ஆம்பியர் வைத்தாலும் இதே நிலைதான். ஆகவே மின்வழங்கியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கிளைக்கும் அதன் கம்பிக்கேற்ற ஃபியூஸ் தனியாக வேண்டும். அந்தப் பட்டறையில் வால்வுகளின் இரு கிளைகளுக்கும் 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒவ்வொன்று, மூளைக்கும் தொடுதிரைக்கும் வேறொன்று என்று பிரித்துப் போட்டோம்.

மின்வழங்கியை மாற்றிய அன்று மாலை, மாணவர் முதன்மைச் சுவிட்சின் அருகில் நின்று, "சார், ஒண்ணு பார்க்கலாமுங்களா?" என்றார். டிரிலை உயர்த்தி நிறுத்திவிட்டு, பிடியில் ஒரு வார்ப்பை மட்டும் வைத்து, சுவிட்சை அணைத்தார். பிடி விட்டது, வார்ப்பு அடித்தட்டில் சாய்ந்தது. 10 ஆம்பியர் என்ன, 100 ஆம்பியர் இருந்தாலும் ஊர் மின்சாரம் போனால் இதுதான் நடக்கும். நான் இரண்டு நாளாக ஆம்பியர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இதை அவர்தான் முதலில் பார்த்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மின்னோட்டம் இருந்தால் பிடிக்கும், போனால் வில்சுருள் விடும் என்ற வகை வால்வைப் பிடிக்கு வைத்ததே தொடக்கத் தவறு. இரண்டு சுருள் கொண்ட வால்வுகள் உண்டு. ஒரு சுருளுக்குச் சிறு துடிப்பு கொடுத்தால் பிடிக்கும். அந்த மின்னோட்டம் போனாலும் இருந்த இடத்திலேயே நிற்கும். மற்றச் சுருளுக்குத் துடிப்பு வந்தால்தான் விடும். அழுத்தக் காற்று இருக்கும் வரை பிடி தளராது. டிரிலை இறக்கும் வால்வு மட்டும் பழைய வகையாகவே இருக்கட்டும் என்று விட்டோம். மின்சாரம் போனால் டிரில் மேலே ஏறிவிடுவதுதான் நமக்கு வேண்டியது.

பக்கத்துக்கு இரண்டாக நான்கு பிடி வால்வுகளையும் அடுத்த வாரம் மாற்றினார்கள். அவை துடிப்பின்போது மட்டுமே மின்னோட்டம் எடுப்பதால், துளையிடும் நேரத்தில் 0.8 ஆம்பியர் மிச்சம். பெட்டிக் கதவின் உட்புறத்தில் மாணவர் ஓர் அட்டையை ஒட்டியிருக்கிறார். கருவி, எண்ணிக்கை, நிலையான மின்னோட்டம், தொடக்க மின்னோட்டம் என்று நான்கு பத்திகள். கடைசியில் 'புதிதாகச் சேர்ப்பவர் இங்கே எழுதவும்' என்று ஆறு வெற்று வரிகள். போன மாதம் நான் போனபோது அதில் இரண்டு வரிகள் நிரம்பியிருந்தன.